சுற்று நின்றால் குணமா?

எல்லோரும் ஃபார்வர்டு செய்கிற அதே எலி வீடியோதான். வட்டமடிக்கிற எலி, கஷாயம் உள்ளே போனதும் நிற்கிறது. ‘பார்க்கின்சன் குணம்’ என்று தலைப்பு. (மூளையில் அசைவை நடத்தும் டோபமைன் என்ற ரசாயனம் குறைந்து, நடுக்கமும் விறைப்பும் வருகிற நோய் பார்க்கின்சன்.) எந்த மருந்துக்குச் சுற்றுகிறது, எந்தப் பக்கம் என்று மட்டும்தான் நேற்று கேட்டேன். அதற்குக் கிடைத்த பட்டங்களில் ஒன்று ‘சித்த மருத்துவ விரோதி’.

அந்த எலிக்கு வந்தது பார்க்கின்சன் இல்லை. மண்டையில் துளை போட்டு, ஒரு பக்கத்து டோபமைன் பாதையில் மட்டும் 6-ஹைட்ராக்ஸிடோபமைன் என்ற, டோபமைன் நரம்புகளைக் கொல்லும் நஞ்சைச் செலுத்துவார்கள். வழக்கமாக 4 மைக்ரோலிட்டரில் 8 மைக்ரோகிராம். அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, ஐஸில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். கரைசல் பழுப்பேறினால் கொட்டிவிட வேண்டியதுதான். ஊசியைச் சட்டென்று உருவினால் நஞ்சு வந்த வழியே மேலேறிவிடும். 5 நிமிடமாவது பொறுக்க வேண்டும். எது பிசகினாலும் சேதம் அரைகுறை. அரைகுறை எலி, டோபமைன் போலவே வேலை செய்கிற அபோமார்ஃபின் மருந்துக்குச் சரியாகச் சுற்றாது, கஷாயம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

எந்தப் பக்கம் என்று ஏன் குடைகிறேன்? ஸ்டாக்ஹோமில் உங்கர்ஸ்டெட் என்ற ஆய்வாளர் 1970 வாக்கிலேயே காட்டியது இது. வலப்பக்கம் சேதமான எலிக்கு ஆம்ஃபெடமின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தால், பிழைத்திருக்கும் இடப்பக்க நரம்புகள் டோபமைனைக் கொட்டும். எலி வலப்பக்கம் சுற்றும். அபோமார்ஃபின் கொடுத்தால் இடப்பக்கம். டோபமைனுக்குக் காய்ந்து கிடந்த வலப்பக்க ஏற்பிகள் (டோபமைன் வந்து ஒட்டும் இடங்கள்) கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்கே துள்ளும்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பார்க்கின்சனுக்கு இன்றும் முதல் மருந்தான, மூளையில் டோபமைனாக மாறுகிற லெவோடோபாவைக் கொடுத்தாலும் இந்த எலி சுற்றும். சுற்று நின்றால் குணம் என்கிற உங்கள் கணக்கில் லெவோடோபா ஃபெயில்! மனநோய்க்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால், ஏற்பியை அடைத்து எலியை ஜம்மென்று நிறுத்திவிடும். மனிதருக்கு விறைப்பையும் நடுக்கத்தையும் வரவழைக்கிற அதே ஹாலோபெரிடால். அது பாஸ். தூக்க மருந்தும் பாஸ். அப்புறம் கஷாயம் பாஸானதில் என்ன அதிசயம்?

‘சித்த மருத்துவ விரோதி’யாம். சித்த மருத்துவத்தில் பயன்படும் பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை யார் மறுத்தார்கள்? அது வேலை செய்திருந்தால் எலி சேதத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றியிருக்க வேண்டுமே, ஏன் நின்றது?

‘நஞ்சுக்கு முன்பே கொடுத்தோம், மூளையைக் காத்தது’ என்று ஒருவர். கொஞ்சம் நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நஞ்சு நரம்புக்குள் நுழைவது டோபமைன் கடத்தி, அதாவது டோபமைனை நரம்புக்குள் இழுக்கும் வாசல், வழியாக. கஷாயம் அந்த வாசலை அடைத்திருந்தாலே எலி தப்பித்துவிடும். நோயாளியின் மூளையில் யார் ஊசி போட்டார்கள், வாசலை அடைக்க?

‘நம்பிக்கையைக் கெடுக்காதே’ என்றவருக்கு மட்டும் கோபமாகவே சொல்கிறேன். வீடியோவை நம்பி எவராவது லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது ஃபார்வர்டு செய்த கைகள் எங்கே இருக்கும்?

சுற்றையே எண்ண வேண்டாம். எலியைக் கண்ணாடி உருளையில் விடுங்கள். எழுந்து நிற்கும்போது எந்த முன்னங்காலைச் சுவரில் ஊன்றுகிறது என்று எண்ணுங்கள். வலப்பக்கம் சேதமென்றால் இடது கால் சும்மா கிடக்கும். கஷாயத்துக்குப் பிறகு அந்த இடது கால் ஊன்றுகிற வீடியோ இருந்தால் அனுப்புங்கள். நானே ஷேர் செய்கிறேன்.