வெற்றி என்றால் ‘நாம்’, பிழை என்றால் ‘நீ’

அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறக்காமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது.

மாதக் கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த கோளாறு அது. மாதக் கடைசியில் மட்டும் அறிக்கையின் மொத்தத் தொகை உதைக்கும். எங்களோடு வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் மூன்று இரவுகள் உட்கார்ந்து, பழைய பதிவுகளை வரிவரியாக ஒத்துப் பார்த்து, சில வரவுகள் இரண்டு முறை கணக்கில் ஏறுவதைக் கண்டுபிடித்தார். மேலதிகாரி நிர்வாகத்திடம் “எங்கள் குழு கண்டுபிடித்துவிட்டது” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினார், யாரோ செய்த வேலைக்குத் தட்டுவதுபோல. நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். “கண்டுபிடித்தவர் இவர்தான்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இரண்டு மாதம் கழித்து அவர் அனுப்பிய கோப்பில் ஒரு பிழை வந்தது. அன்று யாரும் ‘குழு’ என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கேட்டார்கள்.

எல்லா மேலதிகாரிகளும் வேண்டுமென்றே பிறர் உழைப்பைப் பறிப்பவர்கள் என்று நான் சொல்லவில்லை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பொறுப்புகளில் தத்தம் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவியரைக் கேட்டார்கள். பெரும்பாலான இணைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழு அளவைத் தாண்டியது. அவரவர் பட்ட பாடு அவரவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் நினைவை நம்பிப் பங்கு பிரிக்கக் கூடாது என்கிறேன். யார் எதைச் செய்தார் என்பதை வேலை நடக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். பல ஆய்விதழ்கள் இப்போது கட்டுரை எழுதியவர்களின் பங்களிப்பை 14 வகையாகப் பிரித்துக் கேட்கின்றன. அலுவலகங்களுக்கு அத்தனை வேண்டாம், அறிக்கையின் அடியில் இரண்டு வரி போதும்.

ராபர்ட் மெர்ட்டனின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் போய்ச் சேர்கிறது என்று 1968இல் எழுதிய சமூகவியலாளர் அவர். அந்தக் கட்டுரை பெரிதும் நம்பியிருந்தது, நோபல் அறிஞர்களிடம் ஹாரியட் சக்கர்மன் என்ற சமூகவியலாளர் எடுத்த நேர்காணல்களை. ஆனால் ஆசிரியராக இருந்தது மெர்ட்டன் பெயர் மட்டும். அது கூட்டாக வந்திருக்க வேண்டிய கட்டுரை என்று பிற்பாடு அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். அநீதியைப் படம்பிடித்துக் காட்டியவர் கையிலேயே அது நடந்துவிட்டது. ஆனாலும் திருத்திச் சொல்ல அவர் தயங்கவில்லை. எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

ஒருவரை மட்டும் மேடையேற்றி மற்றவர்களை மறப்பதும் இதே தவறுதான். விண்வெளியில் பரவும் நுண்ணதிர்வுகளான ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததை அறிவித்த 2016 ஆய்வுக் கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன; அடுத்த ஆண்டு அதற்கான நோபல் மூவருக்கு மட்டும் போனது.

அந்தப் பெண் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். சென்ற மாதம் என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டார். அந்தக் கோளாறையும் அவர் அதைப் பிடித்த விதத்தையும் விரிவாக எழுதி, அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார்.

“மூன்று இரவுகள் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா, அண்ணா?” என்று கேட்டார்.