டிஎன்ஏ மாறுவதில்லை, அதன் மேலுள்ள குறிகள்தான் மாறுகின்றன

"நல்லதையே நினைத்தால் டிஎன்ஏவே மாறிவிடும், எபிஜீனோம் வரைபடம் இதை நிரூபித்துவிட்டது" என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு. எபிஜீனோம் என்பது டிஎன்ஏவின் மேலும் அதைச் சுற்றியுள்ள புரதங்களின் மேலும் இருக்கும் வேதிக் குறிகளின் தொகுப்பு. இதை நம்பி யாராவது மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

ஈரல் செல்லையும் மூளை செல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மேல் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறியும், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் மாற்றங்களும் அதற்குத் துணைபோகின்றன. எழுத்து வரிசை அப்படியேதான் இருக்கும். 2015இல் வெளியான பெரிய வரைபடம் 111 எபிஜீனோம்களில் இந்தக் குறிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டியது. எண்ணங்களை அது ஆராயவே இல்லை.

சரி, சூழல் பாதிக்காதா? பாதிக்கும். 1944-45 நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவானவர்களிடம், அறுபது ஆண்டு கழித்தும் வளர்ச்சியோடு தொடர்புடைய ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் மெத்தில் குறி குறைந்திருந்தது. புகைப்பழக்கமும் குறிகளை மாற்றும்.

குறிகள் தடம்புரள்வது புற்றுநோயிலும் தெரிகிறது. மெத்தில் குறிகளைக் குறைக்கும் அசாசிட்டிடின் என்ற மருந்து, ஒருவகை எலும்பு மஜ்ஜை நோய்க்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.