சோல் டிரெய்ன் கிளம்பியது சிகாகோவில்
கறுப்பினத்தவரின் பாட்டும் ஆட்டமுமாக அமெரிக்க டிவியில் வந்த சோல் டிரெய்ன் நிகழ்ச்சி பற்றிய உங்கள் கட்டுரை அருமை, ஆனால் அதை லாஸ் ஏஞ்சலிஸ் நிகழ்ச்சி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதைச் சிகாகோக்காரனான என்னால் சும்மா விட முடியவில்லை. நிகழ்ச்சியை உருவாக்கித் தொகுத்து வழங்கிய டான் கார்னீலியஸ் பிறந்த ஊர் இது. 1970-ல் இங்கே ஓர் உள்ளூர் சேனலில்தான் ஆரம்பித்தார், சின்ன ஸ்டுடியோ, கறுப்பு வெள்ளைப் படம், ஆடியவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். அடுத்த ஆண்டுதான் லாஸ் ஏஞ்சலிஸ். அப்போதும் விளம்பரம் கொடுத்துத் தூக்கிவிட்டது ஜான்சன் புராடக்ட்ஸ், தலைமுடிப் பராமரிப்புப் பொருட்கள் செய்த, கறுப்பினத்தவர் நடத்திய சிகாகோ கம்பெனி.

அந்த விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். சுருண்டு பந்துபோல் நிற்கும் ஆஃப்ரோ முடியை நேராக்கி மறைக்காமல், அதுதான் அழகு என்று நிமிர்ந்து நிற்கிறார்கள், டிவியில் தங்களைப் போன்ற முகத்தைத் தேடித் தேடி அலுத்துப்போன பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அப்புறம் அந்த சோல் டிரெய்ன் லைன். இரண்டு பக்கமும் ஆட்கள் கைதட்டி நிற்க, நடுவில் ஆடிக்கொண்டு வருகிறவர்களின் நடையும் உடையும் சிரிப்பும், எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். இன்னொன்று, நிகழ்ச்சி மேற்கே போன பிறகும் சிகாகோவுக்கென்று தனியாக ஒரு சோல் டிரெய்ன் சில ஆண்டுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.