புட்டி பூசி விற்ற சேஸிஸ்

நெல் காயப்போடும் களத்தில் ஒரு மாதமாகக் கிடக்கிறது அந்த இரும்புச் சட்டம், வீட்டிலேயே ஒரு வண்டி கட்ட நான் வாங்கிய சேஸிஸ், வண்டிக்கு எலும்புக்கூடு மாதிரி. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. 58,000 ரூபாய். கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர்வரை அதை ஏற்றிவந்த குட்டியானைக்கு வாடகை 6,500 தனி. மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

சித்தப்பாவின் பழைய மாருதி ஆம்னி வேன் பாடியெல்லாம் துருப்பிடித்து மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றது. என்ஜின் மட்டும் நன்றாக இருந்தது. மாருதி 800-இல் வந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆனால் 800-இல் முன்சக்கரம் இழுக்கும். ஆம்னியில் என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தைத் தள்ளும். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் மாதிரி கதவில்லாத இரண்டு சீட்டு வண்டியை வீட்டிலேயே கட்ட இதைவிடத் தோதான என்ஜின் நமக்கு எங்கே கிடைக்கும்? எங்கள் தென்னந்தோப்பு வண்டிப்பாதையில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சேஸிஸை மட்டும் ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அளவு தப்பக் கூடாத வேலை, குழாய்களை இம்மி அசையாமல் பிடித்து வைக்கும் ஜிக் என்ற அச்சுச் சட்டம் வைத்துச் செய்பவர்களிடம் வாங்குவதுதானே முறை?

"நீங்க போல்ட்டு மாட்டினா போதும் தம்பி, மத்ததெல்லாம் நாங்க பாத்துட்டோம்" என்றார் விற்றவர். ஜிக் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். பைப் என்ன கனம் என்றேன். 1.6 மில்லி என்றார். கருப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. நம்பினேன்.

எதிர்வீட்டுப் பெரியவர் திருச்சி பெல் (BHEL) பாய்லர் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். "மூலைக்கு மூலை நூல் பிடிச்சுப் பாத்தியா தம்பி?" என்றார். பிடித்தோம். சட்டம் கோணாமல் இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் சமமாக வர வேண்டும். ஒரு மூலைவிட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் 14 மில்லிமீட்டர் வித்தியாசம்! வீட்டுக்குக் கடைக்கால் போடும் கொத்தனார்கூட மூலைக்கு மூலை நூல் பிடிக்காமல் முதல் கல்லை வைக்க மாட்டார். பக்கத்தில் சுவாமிமலையில் தென்னை ஓலையை மடித்து மடித்தே அளவு பிடித்துச் சாமி சிலை வார்க்கிறார்கள். கட்டர், கிரைண்டர், மெஷின் எல்லாம் வைத்திருக்கும் பட்டறைக்கு ஒரு நூல் பிடிக்கத் தெரியவில்லையா? தெரியும். பிடித்தால் தப்பு தெரிந்துவிடும், அதனால் பிடிக்கவில்லை.

முன்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் மாட்டும் பிராக்கெட்டுகள் இன்னும் மோசம். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இடதுபுறம் 9 மில்லி தாழ்ந்து நிற்கிறது. போன் செய்து கேட்டதற்கு, "அலைன்மென்ட்ல சரி பண்ணிக்கலாம் தம்பி" என்கிறார். எப்படிச் சரி பண்ணுவது? அலைன்மென்ட் கடையில் ஸ்டீயரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராடைத் திருகி டோவை, அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்பதைச் சரிசெய்யலாம். பற்றவைத்த பிராக்கெட்டை எந்த ஸ்பானரால் திருகுவது? பின் ஆக்ஸிலும் கோணலாக உட்கார்ந்தால் வண்டி வயல் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகும். பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். அதில் உட்காரப்போவது நானும் என் பிள்ளையும்.

பைப் கனத்தைச் சொல்லாமல் விட முடியாது. பின்னால் எதற்கும் உதவாமல் ஒரு குறுக்குக் குழாய் இருந்தது. எப்படியும் அதை எடுத்தாக வேண்டும். சரியாக ஒரு மீட்டர் அறுத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 25 மில்லி ஸ்கொயர் டியூப் 1.6 மில்லி கனத்தில் இருந்தால் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோ வர வேண்டும். வந்தது 900 கிராம். கனம் அளக்கும் வெர்னியர் கருவி வைத்தால் 1.2 மில்லி. ஜன்னல் கிரில்லுக்கும் கேட்டுக்கும் போடுகிற பைப். கால்வாசி இரும்பைக் காணோம், விலையில் மட்டும் ஒரு ரூபாய் குறையவில்லை.

என்ஜின் இருக்கும் இடத்தில் குறுக்கே போக வேண்டிய சாய்வுக் குழாயையும் காணோம். இந்த மாதிரிச் சட்டத்துக்கு உயிரே அந்த முக்கோணங்கள்தான். நான்கு குழாயைச் சதுரமாகப் பற்றவைத்துத் தள்ளினால் சாய்ந்து கொடுக்கும். குறுக்கே ஒன்று போட்டால் அசையாது. பந்தல் போடுகிறவர்களும் சாய்வுக்கால் கொடுக்காமல் விடுவதில்லை. கேட்டால், "என்ஜின் எறக்க வசதியா இருக்கட்டும்னு விட்டோம்" என்கிறார்.

இதையெல்லாம்கூட ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் ஈரம் பட்டதும் ஒரு ஜாயின்ட்டில் பெயின்ட் கொப்பளித்தது பாருங்கள், அதுதான் பொறுக்க முடியவில்லை. பெரியவர் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். பெயின்ட்டுக்குக் கீழே வெல்டிங் இல்லை. புட்டி! கார் பாடியில் சொட்டை விழுந்தால் பூசுகிற அதே புட்டி. அங்கங்கே ரெண்டு பொட்டு வைத்துப் பிடித்துவிட்டு, இடைவெளியைப் புட்டியால் மெழுகி, கிரைண்டரில் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அது சீட் பெல்ட் மாட்டும் ஜாயின்ட். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பாய்லர் ஜாயின்ட் பற்றவைத்து, அதை எக்ஸ்ரே எடுத்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மூச்சு விடுவோம் என்று சொல்லும் மனிதர் அவர்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. "ஆம்னி ஆர்.சி.யையே வெச்சு ரோட்ல ஓட்டிக்கலாம்" என்று வாங்க வருகிற பையன்களிடமெல்லாம் சொல்லித்தான் விற்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு என்ன சொல்கிறது? கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. எனக்கு ரோடு வேண்டாம், தோப்பு போதும். ஆனால் அந்தப் பேச்சை நம்பி, அந்தப் புட்டியை நம்பி, தஞ்சாவூர் பைபாஸில் எண்பதில் போகப்போகிற பையனை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

நேற்றும் போன் செய்தேன். "திருப்பி அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றோம், லாரி வாடகை உங்களோடது" என்கிறார். அனுப்ப மாட்டேன். அனுப்பினால் மறுபடியும் புட்டி பூசி இன்னொருவன் தலையில் கட்டுவார். அந்த சீட் பெல்ட் ஜாயின்ட்டை மட்டும் இன்று காலை அறுத்து எடுத்துச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் அவர் மேஜைமேல் வைக்கப் போகிறேன். பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.