அகலம் மட்டும் பார்த்தால் போதாது
வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரை மாற்றும்போது, “அகலம் ஒன்றாக இருந்தால் புது ரேடியேட்டர் பழைய குழாயில் அப்படியே உட்கார்ந்துவிடும்” என்று சொல்வது பாதிதான் சரி. பழைய ரேடியேட்டர்களில் பலவும் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. 24 அங்குலம் என்றால் சுமார் 610 மி.மீ.; இன்று கிடைப்பதோ 600. அந்த 10 மி.மீ. இடைவெளிக்கு வால்வுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு நீட்டிப்புத் துண்டு போட்டால் சரி. குழாயை இழுத்து வளைத்து மட்டும் சேர்க்காதீர்கள், மூட்டில் கசியும்.

பெரிய தலைவலி ஆழம்தான். ஒற்றைத் தகடு ரேடியேட்டர் இருந்த இடத்தில் இரட்டைத் தகடு உள்ளதை மாட்டினால், குழாய் வந்து சேரும் இணைப்பு வாய் பெரும்பாலும் சுவரிலிருந்து இன்னும் முன்னால் வந்துவிடும். தரையிலிருந்து நேராக ஏறும் குழாய் அதற்கு எட்டாது. வெட்டி நகர்த்தத்தான் வேண்டும். வாங்கும் முன் குழாய் மையத்திலிருந்து சுவர் வரையும் அளந்துகொள்ளுங்கள். அப்புறம், புதியது பழையதைவிட அகலம் என்றால் நீட்டிப்புத் துண்டால் பயனே இல்லை.