57 மீட்டர் போதாது

(கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீடு. ஜூலை மாதத்து இரவு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமா மூக்குக்கண்ணாடியும் கொப்பியுமாக உட்கார்ந்திருக்கிறார். மருமகன் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்.)

மருமகன்: மாமா, சனிக்கிழமை நயாகராவுக்குப் போய் வருவோம். காரில் இரண்டு மணி நேரம்தான்.

மாமா: அது எவ்வளவு உயரம், தம்பி?

மருமகன்: 57 மீட்டர்.

மாமா: மொன்மொரன்சி நீர்வீழ்ச்சி 83 மீட்டர். கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். கடல் கடந்து வந்தவனுக்குக் குட்டையானதைக் காட்டி அனுப்பப் பார்க்கிறீர்களா?

மருமகன்: உயரத்தை விடுங்கள், அகலத்தைப் பாருங்கள். குதிரை லாடம் போல வளைந்து 600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உங்கள் மொன்மொரன்சி கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில். இங்கிருந்து 800 கிலோமீட்டர்.

மாமா: அங்கே மேலே ஏறக் கேபிள் கார் இருக்கிறதாம். தெறிக்கிற துளியெல்லாம் உறைந்து அடியில் மலை போலக் குவியுமாம்.

மருமகன்: அது குளிர்காலத்தில். இப்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது, மாமா.

மாமா: (பக்கத்தைப் புரட்டி) சரி, டெல்லா. 440 மீட்டர்!

மருமகன்: வான்கூவர் தீவின் நடுக்காடு. விமானத்தில் போய், படகில் ஏரியைக் கடந்து, அதற்குப் பிறகு நாள் முழுக்க நடக்க வேண்டும். உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது?

மாமா: அதை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? நஹானி ஆற்றில் வர்ஜீனியா நீர்வீழ்ச்சி? சுமார் 96 மீட்டர்.

மருமகன்: அங்கே போகத் தெருவே கிடையாது. தண்ணீரில் இறங்கும் சின்ன விமானத்தில்தான் போகலாம்.

மாமா: டிக்கெட் என்ன விலை?

மருமகன்: நான் விசாரித்ததில்லை. விசாரிக்கிற உத்தேசமும் இல்லை.

மாமா: லாப்ரடோரில் சர்ச்சில் நீர்வீழ்ச்சி, 75 மீட்டர். இதற்கு என்ன சாக்கு?

மருமகன்: சாக்கு இல்லை, தண்ணீர்தான் இல்லை. 1970களில் ஆற்றை மின்நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் வெறும் பாறைதான் தெரியும்.

மாமா: (கொப்பியில் கோடு கிழித்து) பார்க்க வருகிறவனுக்கு ஒரு பங்காவது மிச்சம் வைக்கக் கூடாதா?

மருமகன்: நயாகராவுக்கு வைத்திருக்கிறார்கள். 1950இல் கனடாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் செய்தன. கோடையில் பகல் நேரத்தில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியாவது விழ வேண்டும். இரவில் அதில் பாதி போதும்.

மாமா: நில்லுங்கள், நில்லுங்கள். இரவில் பாதியைப் பூட்டிவிடுகிறார்களா?

மருமகன்: பூட்டுவதில்லை, மாமா. மேலேயே சுரங்க வழியாக மின்நிலையங்களுக்குத் திருப்பிவிடுவார்கள்.

மாமா: எத்தனை மணிக்கு?

மருமகன்: இந்த மாதத்தில் இரவு 10 மணிக்குப் பிறகு. காலை 8 மணியிலிருந்து மறுபடி முழு அளவு.

மாமா: இரவில் வர்ண விளக்குப் போடுவார்கள் என்று உங்கள் மாமி சொன்னாள். தண்ணீரை எடுத்து மின்சாரம் ஆக்கி, அந்த மின்சாரத்தில் மிச்சத் தண்ணீருக்கு வெளிச்சம் போடுகிறார்களா! மூளைக்காரர்கள். படகு உண்டா?

மருமகன்: உண்டு. நம் பக்கத்தில் சிவப்பு மழை அங்கி தருவார்கள், அமெரிக்கப் பக்கத்தில் நீலம். ஆனால் இந்த வயதில் நனைந்தால் சளி பிடிக்கும்.

மாமா: 1901இல் ஆனி எட்சன் டெய்லர் என்ற ஆசிரியை மரப் பீப்பாய்க்குள் புகுந்து அதே அருவியோடு விழுந்து உயிரோடு வந்தாள். அன்று அவளுக்கு 63ஆவது பிறந்தநாள். எனக்கு 62தான்.

மருமகன்: அவரை மருமகன் கூட்டிப் போகவில்லை. திரும்பி வந்து உங்கள் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

மாமா: பயப்படாதீர்கள், படகு போதும். எப்போது புறப்படுகிறோம்?

மருமகன்: பின்னேரம் ஐந்து மணிக்கு. வெயில் தணிந்திருக்கும்.

மாமா: போய்ச் சேர ஏழு. இடம் பிடித்துக் காரை நிறுத்த எட்டு. உங்கள் மாமி படம் எடுத்து முடிக்கப் பத்து. கைப்பிடிக் கம்பியில் நான் கை வைக்கும்போது பாதிதான் விழும். முடியாது, காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.

மருமகன்: சனிக்கிழமை ஒரு நாள்தான் நான் தூங்குவது, மாமா.

மாமா: காரை நிறுத்த எவ்வளவு வாங்குகிறார்கள்?

மருமகன்: அதை மட்டும் கேட்காதீர்கள்.

மாமா: பத்து மணிக்குப் பிறகாவது பாதி விலையா?

மருமகன்: போன தடவை இரவில் போனபோதும் என்னிடம் முழுதாகத்தான் வாங்கினார்கள்.

மாமா: (கொப்பியை மூடி) இரண்டு நாடுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதியிருக்கின்றன. இதைக் கேட்க அங்கே ஒரு யாழ்ப்பாணத்தான் இல்லாமல் போனானே!