வராதவரின் கையில் இருக்கும் வாக்கு

திருகோணமலையில் விளையாட்டுக் கழகமோ, சனசமூக நிலையமோ, பழைய மாணவர் சங்கமோ, எதுவானாலும் வருடாந்தப் பொதுக்கூட்டம் நெருங்கும்போது எழுகின்ற முதற் கேள்வி "கோரம் வருமா?" என்பதுதான். கோரம் என்பது கூட்டம் நடப்பதற்கு வந்திருக்க வேண்டிய ஆகக் குறைந்த உறுப்பினர் தொகை. யாப்பில், அதாவது கழகத்தின் விதிக்கோவையில், அந்த எண்ணை எழுதியவர்களின் நோக்கம் நல்லது: நான்கு பேர் கூடிக் கழகத்தின் வங்கிக் கணக்கையும் காணியையும் பற்றித் தீர்மானித்துவிடக் கூடாது. ஆனால் அந்த எண்ணை அளவுக்கு மீறி உயர்த்தும்போது, கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்பவரின் உரிமை வீட்டில் இருப்பவரின் கைக்குப் போய்விடுகிறது என்பதே எனது கருத்து.

120 உறுப்பினர்கள் உள்ள கழகமொன்றில் 40 பேர் கோரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரேரணையை 36 பேர் ஆதரிக்க, 8 பேர் எதிர்க்கிறார்கள். அந்த 8 பேரும் வந்து கையுயர்த்தினால் தோற்றுப்போவார்கள். வராமல் இருந்துவிட்டாலோ கூட்டமே நடவாது. இத்தாலியில் ஒரு சட்டத்தை நீக்கும் மக்கள் வாக்கெடுப்புச் செல்லுபடியாவதற்கு வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் பங்குபற்ற வேண்டும். 2005ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பற்றிய வாக்கெடுப்பில், மாற்றத்தை விரும்பாதவர்கள் வாக்களிக்கச் செல்ல வேண்டாம் என்றே பிரசாரம் செய்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே வாக்களித்ததால் அது செல்லாமற் போனது.

எமது கழகங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது, ஏனெனில் உறுப்பினர் பதிவேட்டில் உள்ளவர்களில் பலர் ஊரில் இல்லை. கட்டாரிலும் கனடாவிலும் கொழும்பிலும் இருப்பவர்கள், பல ஆண்டுகளாகச் சந்தா கட்டாதவர்கள், ஏன், காலமானவர்கள் கூட அந்தப் பதிவேட்டில் இருக்க, அந்த மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டால், உவர்மலையிலிருந்தும் சாம்பல்தீவிலிருந்தும் வேலையை விட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கோரத்தின் அடிப்படை, நடப்பாண்டுச் சந்தாவைச் செலுத்தி வாக்குரிமை பெற்றவர்களின் தொகையாகவே இருக்க வேண்டும்.

இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுக்கு, அரசியலமைப்பின் 73ஆம் உறுப்புரைப்படி, கோரம் 20 பேர் மட்டுமே. சாதாரண விடயங்களை, சமூகமளித்து வாக்களிப்போரின் பெரும்பான்மை தீர்மானிக்கும். அதே சபை அரசியலமைப்பைத் திருத்துவதாயின், சமூகமளிக்காதவர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 வாக்குகள், தேவை. கூடுவதற்கான வாயிலை அகலத் திறந்து, பாரதூரமான முடிவுக்கான வாயிலைக் குறுக்கியிருக்கிறார்கள். எமது யாப்புகள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கிறது.

வாக்கு எண்ணுவதிலும் இதே தெளிவின்மை உண்டு. 30 பேர் இருக்கும் கூட்டத்தில் 14 பேர் ஆதரித்து, 10 பேர் எதிர்த்து, 6 பேர் விலகியிருந்தால் தீர்மானம் நிறைவேறியதா? வாக்களித்தவரின் பெரும்பான்மை என்றால் நிறைவேறியது. சமூகமளித்தவரின் பெரும்பான்மை என்றால் 16 வேண்டும், ஆகவே தோற்றது. யாப்பில் வெறுமனே "பெரும்பான்மை" என்று எழுதிவைத்துவிட்டு, தலைவர் தமக்கு ஏற்றபடி பொருள்கொள்வதை நான் நேரில் கண்டிருக்கிறேன். தலைவர் முதலில் ஒரு வாக்கையும் சமநிலை வந்தபின் இன்னொரு வாக்கையும் அளிப்பதும் எனக்கு ஏற்புடையதல்ல. பாராளுமன்றத்திற் சபாநாயகருக்குச் சமநிலையில் அளிக்கும் அறுதியிடும் வாக்கு மட்டுமே உண்டு.

கோரத்தை எப்போது எண்ணுவது என்பதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் விடயம். நான் இருந்த கூட்டமொன்றில், வரவுப் புத்தகம் வாங்கு வாங்காகக் கைமாறியபோது, ஒருவர் தமது பெயருக்குக் கீழே இன்னும் வந்து சேராத தம்பியின் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டார். நிர்வாகசபைத் தெரிவு வந்த வேளையில் தேநீர் குடித்துவிட்டுப் பலர் புறப்பட்டிருந்தார்கள். பின்வரிசை வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. ஆனாலும் கூட்டறிக்கையில் ஏறியது புத்தகத்தின் எண்ணிக்கைதான். தெரிவும் நிதியும் வாக்குக்கு வரும்போது தலைகளை மீண்டும் எண்ண வேண்டும், குறைவு என்று எந்த உறுப்பினர் சுட்டிக்காட்டினாலும் தலைவர் அதை ஏற்க வேண்டும்.

கோரம் இல்லாவிட்டால் அரைமணி நேரம் காத்திருந்து, ஒரு வாரத்துக்கு ஒத்திவைத்து, அடுத்த முறை வந்திருப்பவர்களே கோரம் என்று கொள்ளும் வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டம் முதல் அறிவித்தலில் இருந்த விடயங்களை மட்டுமே எடுக்க வேண்டும். யாப்புத் திருத்தமும் காணி விற்பனையும் அங்கே வரவே கூடாது.